தராசிலிருந்து வலைக்கு: பக்கவாதத்துக்குப் பின் காந்தத் தூண்டல்

அமெரிக்காவின் 12 மறுவாழ்வு மையங்களில் 199 பேர். எல்லோருக்கும் பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஓர் ஆண்டு ஆகவில்லை. எல்லோருக்கும் ஒரு கை சொன்னபடி கேட்கவில்லை. இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் தலையில், மூளையின் பழுதில்லாத பாதிக்கு மேலே, காந்தச் சுருளை வைத்து நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அதேபோலச் சத்தம் போடும் பொய்ச் சுருள். சுருளை எடுத்த கையோடு இரு தரப்புக்கும் ஒரு மணி நேரக் கைப்பயிற்சி. ஆறு வாரங்களில் 18 அமர்வுகள். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கையை அளந்தபோது, நிஜச் சுருள் பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். பொய்ச் சுருள் பெற்றவர்களில் 65 சதவீதத்தினர்.

2018-இல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியான இந்த முடிவு, இந்தத் துறையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பொய்ச் சுருளிலிருந்தும் கொஞ்சம் மின்புலம் கசிந்து மூளையைத் தூண்டியிருக்குமோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. வேறு பொய்ச் சுருளை வைத்து இன்னொரு சோதனை நடத்தினார்கள். 2023-இல் வந்த அதன் முடிவிலும் வித்தியாசம் இல்லை.

காந்தம் வேலைக்கு ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தோற்றது சுருள் அல்ல, அந்தச் சுருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்த ஒரு படம். மூளை இரண்டு தட்டுள்ள தராசு என்ற படம். அந்தப் படம் எப்படி வந்தது, எப்படி விரிசல் கண்டது, அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். 1831-இல் ஃபாரடே கண்டது பள்ளிப் பாடம்: மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். மூளையும் ஒரு கடத்திதான். ஆனால் அதற்கு மேல் மண்டையோடு என்னும் நல்ல மின்காப்பு இருக்கிறது. 1980-இல் லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் தலைத்தோல் வழியாகவே மின்சாரம் பாய்ச்சி மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். வேலை செய்தது, ஆனால் வலித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழி கண்டார்கள். ஒரு செப்புச் சுருளில் சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரம் பாய விடுவது. அப்போது எழும் காந்தப்புலம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் அளவுக்கு, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா வரை இருக்கும். மண்டையோட்டை அது பொருட்படுத்தாமல் கடந்துபோகும். கடந்துபோய், மூளையின் மேற்பரப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கிளப்பும். கைக்குரிய இடத்தின் மேல் வைத்தால் 'டக்' என்ற சத்தத்தோடு கட்டைவிரல் தானாகத் துள்ளும். வலி இல்லை.

இங்கே வேலை செய்வது காந்தம் அல்ல, காந்தத்தின் மாற்றம். சும்மா கிடக்கும் காந்தம் எந்த மின்னோட்டத்தையும் கிளப்பாது. காந்தப் படுக்கை, காந்த வளையல் விற்பவர்கள் இந்தச் சிகிச்சையின் பெயரைத் துணைக்கு இழுத்தால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் பெயரில்தான் உறவு.

ஒற்றைத் துடிப்பு மூளையை அளக்க உதவும். துடிப்புகளைத் தொடர்ந்து கொடுத்தால் மூளை மாறும். நொடிக்கு ஒன்று என்ற மெதுவான வேகத்தில் கொடுத்தால் அந்த இடம் சற்று அடங்குகிறது. ஐந்தும் அதற்கு மேலும் கொடுத்தால் சற்று எழுகிறது. 2005-இல் லண்டனில் ஹுவாங், ராத்வெல் முதலானோர் 'தீட்டா பர்ஸ்ட்' என்ற குறுக்கு வழியைக் கொண்டுவந்தார்கள். மும்மூன்று துடிப்புகளாக, மொத்தம் 600. நிறுத்தாமல் 40 நொடி கொடுத்தால் அடக்கும். இரண்டு நொடி கொடுத்து எட்டு நொடி விட்டு, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கொடுத்தால் எழுப்பும். அடக்கலாம், எழுப்பலாம் என்று ஆனதும் அடுத்த கேள்வி தானாக வந்தது: எதை அடக்குவது, எதை எழுப்புவது?

நம் மொழியில் நோயின் பெயரிலேயே 'பக்கம்' இருக்கிறது. 'வலப்பக்கம் விழுந்துவிட்டது' என்கிறோம். அப்படியானால் பழுது மூளையின் இடப்பக்கம். மருத்துவர்களும் இதைப் பக்கங்களாகவே யோசித்தார்கள். மூளையின் இரண்டு பாதிகளையும் கார்ப்பஸ் கலோசம் என்ற பெரிய நரம்புக் கற்றை இணைக்கிறது. ஒரு பாதியின் கைப்பகுதியைத் தூண்டினால் சில மில்லிநொடியில் மறுபாதியின் கைப்பகுதி அடங்குவதை 1992-இல் ஃபெர்பெர்ட் குழு காட்டியது. 2004-இல் அமெரிக்காவில் லியனார்டோ கோஹனின் ஆய்வகம் இதைப் பக்கவாதம் வந்து நாளானவர்களிடம் அளந்தது. நலமான ஒருவர் விரலை அசைக்கப் போகும் கணத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அடக்குமுறை தளர்ந்து வழிவிடுகிறது. இவர்களிடம் அது தளரவில்லை. பழுதான பக்கம் கையை அசைக்க முயலும்போது, நலமான பக்கம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

இதிலிருந்து தராசு பிறந்தது. பக்கவாதத்தில் ஒரு தட்டு இலேசாகிவிடுகிறது, மறுதட்டு கனத்துத் தாழ்கிறது. ஆகவே நலமான பக்கத்தை அடக்கு, அல்லது பழுதான பக்கத்தை எழுப்பு. 2005-லேயே ஜப்பான், அமெரிக்கா, எகிப்து என்று பல இடங்களில் சோதனைகள் வந்துவிட்டன. எகிப்தின் அஸ்யூத் நகரில் ஏமன் கேதர் நடத்திய ஆய்வில் பக்கவாதம் வந்த புதிதிலேயே 52 பேரைச் சேர்த்துப் பத்து நாள் சிகிச்சை தந்தார்கள். நிஜத் தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ஒவ்வொரு சிறு ஆய்வும் நம்பிக்கை தந்தது. எளிய படம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அறிவியலும் அதை லேசில் கீழே வைப்பதில்லை.

ஆனால் படத்துக்குப் பொருந்தாத செய்திகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ஜொஹான்சன்-பெர்க் 2002-இல் பக்கவாதம் வந்தவர்களின் நலமான பக்கத்து முன்னியக்கப் பகுதியைக் காந்தத் துடிப்பால் கணநேரம் குழப்பினார். விழுந்த கை மெதுவானது. பாதிப்பு அதிகமுள்ளவர்களிடம் கூடுதலாக மெதுவானது. எதிரி என்று கருதப்பட்ட பக்கம், ரகசியமாகத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் லோட்சே குழு 2006-இல், நன்றாகத் தேறியவர்களிடமும் அப்படித்தான் என்று கண்டது. 2010-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பத்துப் பேரிடம் தராசுக் கணக்கை நேராகவே சோதித்தார்கள். பழுதான பக்கத்தை எழுப்பியபோது பிடித்துத் தூக்கும் வேலை மேம்பட்டது. நலமான பக்கத்தை அடக்கியபோது கையின் ஒட்டுமொத்தத் திறன் குறைந்தது. பத்துப் பேர் என்பது சிறிய எண்தான். ஆனாலும் சிகிச்சை என்று நாம் தருவது சிலருக்குக் கேடாகவும் முடியலாம் என்று அது எச்சரித்தது.

கடைசி அடி 2019-இல் விழுந்தது. நோயாளிகளைப் பக்கவாதம் வந்த வாரங்களிலிருந்து ஓர் ஆண்டு வரை தொடர்ந்து அளந்த ஜிங் சூ குழு, தொடக்கத்தில் இரு பக்கங்களுக்கும் இடையிலான அடக்குமுறை இயல்பாகவே இருந்ததைக் கண்டது. அது கெட்டது நாள்பட்ட கட்டத்தில்தான். கை தேற வேண்டிய அளவு தேறிய பிறகு. அப்படியானால் தராசு சாய்ந்ததால் கை விழவில்லை. கை நெடுநாள் சரியாக இயங்காததால் தராசு சாய்ந்திருக்கலாம். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுப் பதினைந்து ஆண்டு ஓடியிருக்கிறது.

தராசு போனால் வேறு என்ன? இதற்கு விடை தேடுகிறவர்கள் 1914-க்குப் போகிறார்கள். சூரிச்சில் கான்ஸ்டன்டின் ஃபொன் மொனாகோ, மூளையில் ஓரிடம் அழிந்தால் அதோடு இணைந்த தொலைவிடங்களும் செயல் மங்கும் என்று எழுதி, அதற்கு 'டயாஸ்கிசிஸ்' என்று பெயர் வைத்தார். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் மதகு உடைந்தால் கடைமடையில் பயிர் வாடும், கடைமடை வாய்க்காலில் ஒரு கல்லும் பெயர்ந்திருக்காது. மொனாகோ காலத்தில் இதைக் கண்ணால் பார்க்கக் கருவி இல்லை. இன்று இருக்கிறது. ஒருவர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் சும்மா படுத்திருக்கும்போதே, மூளையின் எந்தெந்தப் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன என்று பார்த்து அவற்றுக்கிடையே உள்ள உறவை அளக்கலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார்ட்டர், கொர்பெட்டா குழு 2010-இல் அப்படிப் பார்த்தது. இரண்டு பாதிகளுக்கும் இடையே தாளம் எவ்வளவு தப்பியிருக்கிறதோ, அந்த அளவுக்கு நோயாளியின் கவனமும் கையும் கெட்டிருந்தன.

தராசின் இடத்தில் வந்த படம் இதுதான்: இணைந்து இயங்கும் பகுதிகளின் வலை. வலை என்ற சொல்லை இப்போது எல்லோரும் எதற்கும் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஒரு எல்லை உண்டு. அதே குழுவினர் 2016-இல் 132 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். நினைவுக் குறையை இணைப்புகளின் சேதம் நன்றாக ஊகித்துச் சொன்னது. ஆனால் கைவலிமைக்கும் பார்வைக்கும் பழுது எந்த இடத்தில் என்பதே சிறந்த விடை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பெரிய நரம்புப் பாதையே அறுந்துபோயிருந்தால், மேலே வலையை எவ்வளவு சீராக்கினாலும் விரலுக்குச் செய்தி போய்ச் சேராது. டி பினோ முதலானோர் 2014-இல் முன்வைத்த கருத்து இதையொட்டியதுதான். மிச்சமிருக்கும் பாதை அதிகமென்றால் தராசுக் கணக்கு ஓரளவு செல்லும். மிச்சம் குறைவென்றால் நலமான பக்கமே கைதாங்கி, அதை அடக்குவது தவறு.

காந்தத் தூண்டல் வலையை என்ன செய்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து வந்தன. கிறிஸ்டியன் கிரெஃப்கெஸ், கெரியோன் ஃபிங்க் குழு 2010-இல் 11 நோயாளிகளின் நலமான பக்கத்தை நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் அடக்கிவிட்டு, உடனே இயந்திரத்துக்குள் படுக்கவைத்துக் கையை அசைக்கச் சொன்னது. எதிர்பார்த்தபடியே, நலமான பக்கம் பழுதான பக்கத்தை அமுக்குவது குறைந்திருந்தது. எதிர்பாராதது இன்னொன்று. பழுதான பக்கத்துக்குள்ளேயே, இயக்கத்தைத் திட்டமிடும் பகுதிக்கும் அதைச் செலுத்தும் பகுதிக்கும் இடையிலான பிணைப்பு வலுத்திருந்தது. சுருள் வைத்தது ஒரு பாதியில், உறவு சீர்பட்டது மறுபாதியின் உள்ளே.

அதே நகரில் 2016-இல் லூகாஸ் ஃபோல்ஸ் வெளியிட்ட ஆய்வு இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. 26 நோயாளிகள், பக்கவாதம் வந்து இரண்டு வாரத்துக்குள். ஐந்து நாள், பிசியோதெரபிக்குச் சற்று முன்பாக, ஒரு சாராருக்குப் பழுதான பக்கத்துக் கைப்பகுதியில் எழுப்பும் தீட்டா பர்ஸ்ட். மற்றவர்களுக்குக் கையோடு தொடர்பில்லாத உச்சியில். கைப்பகுதியில் பெற்றவர்களின் பிடிவலிமை கூடுதலாக மீண்டது. வழக்கமாக இந்த நாட்களில் இயக்க வலையின் இணைப்புகள் தளர்ந்துகொண்டே போகும். இவர்களிடம் அந்தத் தளர்ச்சி தடுக்கப்பட்டது. உடைந்ததை ஒட்டுவதல்ல, அவிழ்ந்துகொண்டிருப்பதைப் பிடித்து வைப்பது.

கையை விட்டு வேறு குறைகளுக்குப் போனால் படம் இன்னும் தெளிவாகிறது. வலப்பாதி மூளை பழுதான சிலருக்கு இடப்பக்கத்து உலகமே இல்லாமல் போய்விடும். கண் தெரியும், ஆனால் கவனம் போகாது. தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்கும். ரோமில் ஜியாகோமோ கோக் குழுவும் ஸ்விட்சர்லாந்தில் கட்சோலி, நைஃபெலர் குழுவும் 2012-இல், இடப்பாதியின் கவனப் பகுதியை அடக்கி இந்தக் குறையைக் குறைத்தார்கள். தராசுக் கணக்கு இங்கே பலித்தது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. யாருக்குப் பலிக்கிறது என்று நைஃபெலர் குழு தேடி 2019-இல் விடை சொன்னது: இரண்டு பாதிகளின் கவனப் பகுதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் இழைகள் தப்பியவர்களுக்கு. இழை அறுந்தவர்களுக்குப் பலன் இல்லை. எதிர்க்கரையில் வைத்த மருந்து இக்கரைக்கு வரப் பாலம் வேண்டும். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள், யாருக்கு உதவும் என்பதை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன முடிவு வேறில்லை.

பேச்சிழப்பு, நடைத் தள்ளாட்டம் பற்றிச் சுருக்கமாக. பாஸ்டனில் மார்கரெட் நேசர் 2005-இல் நான்கே பேரிடம், வலப்பாதியில் பேச்சுப் பகுதிக்கு எதிரொத்த ஓரிடத்தை அடக்கி, பொருள்களின் பெயர் சொல்லும் திறன் மேம்பட்டதைக் காட்டினார். அது இன்று ஒரு தனிக் கிளையாக வளர்ந்திருக்கிறது. கோக் குழு 2019-இல் சிறுமூளையைத் தூண்டி மூன்று வாரத்தில் நடைச் சமநிலை மேம்பட்டதாகக் கண்டது. பெருமூளையில் அடிபட்டவருக்குச் சிறுமூளையில் சிகிச்சை. தராசில் இதற்குத் தட்டே கிடையாது.

இனி காலம். 199 பேரின் சோதனை மூன்று மாதம் கழித்துத் தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் 60 பேரிடம், பக்கவாதம் வந்து மூன்று வாரத்துக்குள் தொடங்கினார்கள். பழுதில்லாத பக்கத்தைத்தான் இவர்களும் அடக்கினார்கள், தீட்டா பர்ஸ்ட் முறையில், பத்து நாள், கைப்பயிற்சியோடு சேர்த்து. 2023-இல் வெளியான முடிவில், மூன்று மாதக் கட்டத்தில் 57 புள்ளி கொண்ட கைத்திறன் அளவுகோலில் நிஜத் தூண்டல் பெற்றவர்கள் ஒன்பது புள்ளிக்கு மேல் முந்தியிருந்தார்கள். இது சிறிய முன்னேற்றம் அல்ல. காந்தமே இல்லாத ஓர் அமெரிக்க ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. அலெக்ஸாண்டர் டிராமெரிக் குழு 72 பேருக்கு 20 மணி நேரக் கூடுதல் கைப்பயிற்சியை வெவ்வேறு காலத்தில் தந்து 2021-இல் சொன்னது: இரண்டு முதல் மூன்று மாதத்தில் தந்தவர்களுக்குப் பலன் அதிகம். முதல் மாதத்தில் தந்தவர்களுக்கு அடுத்தபடி. ஆறு மாதம் கழித்துத் தந்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும் பருவம் ஒன்று இருக்கிறது. பட்டம் தப்பிய விதைப்புக்கு உரம் போட்டுப் பயனில்லை.

ஆனால் உட்ரெக்ட் முடிவு எனக்கு ஒரு சங்கடத்தையும் தருகிறது. ஜிங் சூ சொன்னபடி தொடக்க வாரங்களில் தராசு சாயவே இல்லை என்றால், அந்த வாரங்களில் நலமான பக்கத்தை அடக்கியது ஏன் பலித்தது? அடக்கியதாக நாம் நினைப்பது வலையில் வேறு எதையோ எழுப்பியிருக்க வேண்டும். சிகிச்சை பலிக்கிறது, விளக்கம் பலிக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் இது புதிதல்ல.

இன்னொரு தொல்லை ஆளுக்கு ஆள் வேறுபடுவது. லண்டனில் ஹமடா குழு 2013-இல் நலமான ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு வகைத் தீட்டா பர்ஸ்டும் கொடுத்துப் பார்த்தது. கூட்டுச் சராசரியில் இரண்டுமே எதையும் செய்யவில்லை. எழுப்ப வேண்டியது எழுப்பி, அடக்க வேண்டியது அடக்கியது ஏறத்தாழ நாலில் ஒருவரிடம்தான். நலமானவர்களிடமே இப்படியென்றால், ஆளுக்கோர் இடத்தில் அடிபட்ட மூளைகளில் ஒரே விதியை எதிர்பார்ப்பது பேராசை. அதனால்தான் தொகுப்புகளும் ஒத்துப்போவதில்லை. 19 சோதனைகளையும் 588 நோயாளிகளையும் அலசிய 2013-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. 2020-இல் லெஃபோஷர் தலைமையிலான ஐரோப்பிய வல்லுநர் குழு, தொடக்கக் கட்டம் தாண்டிய நோயாளிகளின் கை மீட்சிக்கு நலமான பக்கத்தை மெதுவான துடிப்பால் அடக்குவதற்கு 'ஏ' நிலைச் சான்று என்று மிக உயர்ந்த தரத்தைக் கொடுத்தது. 199 பேரின் தோல்வி வெளிவந்து இரண்டு ஆண்டு கழித்து. சிறிய ஆய்வுகள் பல சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை வாக்கெடுப்பில் வீழ்த்திவிட்டன என்றுதான் இதை என்னால் படிக்க முடிகிறது. 'ஏ' என்ற எழுத்து கொஞ்சம் அவசரம்.

அப்படியானால் இன்று இந்தச் சுருளால் உறுதியான பயன் எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு 2017-இல் வெளியிட்ட 'பிரெப்2' முறை அது. பக்கவாதம் வந்த மூன்றாம் நாள், படுக்கையருகே தோளைத் தூக்கச் சொல்லி, விரலை நீட்டச் சொல்லிப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஐந்துக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் ஒரு வாரத்துக்குள் காந்தச் சுருளை வைத்துத் துடிப்பு கொடுப்பார்கள். கை துளியளவு துள்ளினாலும் பாதை உயிரோடு இருக்கிறது, கை தேறும். மூன்று மாதத்தில் கை எந்த நிலையில் இருக்கும் என்று இந்த முறை நாலில் மூன்று பேருக்குச் சரியாகச் சொன்னது. அசைவற்றுக் கிடக்கும் கையைப் பார்த்து மனம் உடைந்திருக்கும் குடும்பத்துக்கு, பாதை அறுபடவில்லை என்று சொல்ல முடிவது சாதாரண விஷயம் அல்ல. மருந்தாக இந்தச் சுருள் இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறது. அளவுகோலாக அது தேறிவிட்டது.

நம் ஊர் நகரங்களிலும் மனச்சோர்வுக்காக வாங்கிய, டி.எம்.எஸ். எனப்படும் இதே காந்தத் தூண்டல் இயந்திரங்கள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் 2008-லேயே கிடைத்துவிட்டது. பக்கவாதத்தின் கதை வேறு என்பதை மேலே பார்த்தோம். ஆகவே வீட்டில் ஒருவருக்குக் கை கால் விழுந்து, இந்தச் சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால், தலைக்குள் உலோகக் கிளிப்போ காது உட்பொருத்தியோ இருக்கிறதா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வலிப்பு அரிதாகத்தான் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். பிறகு, எந்தப் பக்கத்தில் வைக்கிறீர்கள், ஏன் அந்தப் பக்கம் என்று கேளுங்கள். சுருளை எடுத்தவுடன் கைப்பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு முதல் மூன்று மாதமும் தினமும் வீட்டுக்கு வரும் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டை அமர்த்துங்கள்.